கூட்டத்தில் குழப்பம் செய்வோரை என்ன செய்வது?



சங்கக் கூட்டம் நமக்கெல்லாம் ஒரு பள்ளிக்கூடம். தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், வரி விவரம் எல்லாவற்றையும் தெரிந்த நாலு பேர் சொல்ல, நாற்பது பேர் கேட்டுக் கொள்கிறோம். 2022 ஜூலை 18ல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புச் சிப்பங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்று சின்ன மளிகைக் கடைக்காரர் வேறு எங்கே போய்க் கேட்பார்? அந்த நேரம் ஒருவர் எழுந்து எதற்கெடுத்தாலும் "கூடாது, கூடாது" என்று கத்தினால், விவரம் தெரிந்தவர் வாயை மூடிக் கொள்வார். அடுத்த மாதம் வரவே மாட்டார். நஷ்டம் சின்னக் கடைக்காரருக்குத்தான்.

இந்தத் தொல்லைக்கு நம் முன்னோர் ஒரு வழி கண்டார்கள். திருநெல்வேலி மாவட்டம் மானூரில், அம்பலவாண சுவாமி கோவிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. கி.பி. 800ஐ ஒட்டியது. அவ்வூர் மகாசபை கூடிச் செய்த தீர்மானம் அது. சபை நடவடிக்கையில் கலந்து கொள்ள ஊரில் பங்கு இருந்தால் மட்டும் போதாது. குறித்த படிப்பும் நல்லொழுக்கமும் வேண்டும். அத்தனை படித்தவர் சபையிலும் குழப்பவாதி இருந்திருக்கிறார்! வந்த காரியம் ஒவ்வொன்றையும் "இல்லை, இல்லை" என்று மறித்தவருக்கு, காரியம் ஒன்றுக்கு 5 காசு தண்டம். அவருக்குத் துணை நின்றவருக்கும் அதே தண்டம். கட்டிய பிறகும் அவர்கள் அதே விதிக்கு அடங்கி நடக்க வேண்டும்.

இதில் நமக்குள்ள பாடங்கள்:

1. மாற்றுக் கருத்து குற்றமல்ல. காரணம் சொல்லி மறுப்பவர் சங்கத்துக்கு வேண்டியவர். "வரவு செலவுக்கு ரசீது எங்கே?" என்று கேட்பவரைக் குழப்பவாதி என்று உட்கார வைத்தால் சங்கமே கெட்டுப் போகும். காரணமின்றி எல்லாவற்றையும் மறிப்பதே குற்றம்.

2. பின்னாலிருந்து தூண்டி விடுபவரையும் கேட்க வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை எழாது.

3. விதியை முன்கூட்டியே பொதுக்குழுவில் வைத்து பைலாவில் எழுதிவிட வேண்டும். சண்டை நடந்த அன்று போடும் விதி, ஆளைப் பார்த்துப் போட்டதாகவே தெரியும். தலைவருக்கும் அதே விதிதான்.

4. எடுத்த எடுப்பில் நீக்கக் கூடாது. முதலில் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், பிறகு எச்சரிக்கை, அதன் பிறகே அபராதம். நாளைக் காலையில் ரத வீதியில் அவர் கடையைத் தாண்டித்தான் நாம் போக வேண்டும். அவருக்குச் சரக்குப் போடுபவரும் நம்மில் ஒருவர்தான்.

கடையில் சரியான எடைக்கல் வைத்திருக்கும் நாம், கூட்டத்திலும் எல்லாருக்கும் ஒரே எடைக்கல்லை வைப்போம்.