தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமா?

அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு வந்திருக்கிறா. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத்தான் குடிப்பா.

"அம்மம்மா, இங்க பைப் தண்ணியை அப்பிடியே குடிக்கலாம். இது சுவிஸ்!" என்றாள் நிலா.

அப்பா சொன்னார்: "இங்கயும் ஒருக்கா பிழைச்சுப் போச்சு, பிள்ளை."

1963ஆம் ஆண்டு, மாற்றர்ஹோர்ன் மலையடியில் உள்ள சேர்மாட் ஊர். பனிச்சறுக்கு விளையாடப் பலர் வந்திருந்தார்கள். அங்கே குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது. அதில் நெருப்புக் காய்ச்சல் கிருமி இருந்தது. 400 பேருக்கு மேல் நோய் வந்தது. 3 பேர் இறந்தார்கள்.

"தண்ணியைப் பார்த்தாத் தெரியாதா, அப்பா?"

"தெரியாது. கிருமி அவ்வளவு சின்னது."

நோயாளியின் மலத்தில் கிருமி வெளியேறும். அது குடிநீரிலோ உணவிலோ சேர்ந்தால் மற்றவர்களின் வயிற்றுக்குள் போகும். கொலராவும் இப்படித்தான் பரவும். நெருப்புக் காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் 1 முதல் 3 கிழமைக்குள் வரும். அதனால் சிலர் தங்கள் நாட்டுக்குத் திரும்பிய பிறகே நோயாளி ஆனார்கள்.

"அப்ப, இப்ப குடிக்கலாமா?"

"ஓம். இப்ப தண்ணியை ஒழுங்காச் சோதிக்கினம்."

நிலா யோசித்தாள். பிறகு அம்மம்மாவிடம் போனாள்.

"அம்மம்மா, நான் ஊருக்கு வரேக்க எனக்கும் கொதிச்சாறின தண்ணி தாங்கோ."

புதிய சொற்கள்
கழிவுநீர் – மலசலகூடத்திலிருந்தும் குளியலறையிலிருந்தும் வெளியேறும் நீர்
கொதித்தாறிய நீர் – கொதிக்க வைத்து ஆறவிட்ட நீர்
கிழமை – 7 நாள்

விடை சொல்லுங்கள்
1. சேர்மாட் ஊரில் நோய் எப்படிப் பரவியது?
2. மலசலகூடம் போய் வந்ததும் ஏன் சோப் போட்டுக் கை கழுவ வேண்டும்?
3. உங்கள் அம்மம்மா, அப்பம்மா எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார்கள்? கேட்டு எழுதுங்கள்.