இடுப்பு மூட்டுக்கு டைட்டானியம்: பெயர் மட்டும் போதுமா?



இடுப்பு மூட்டுத் தேய்ந்து, லயத்துப் படி இறங்கவே கஷ்டப்படும் பெரியவர்களுக்கு இப்போது செயற்கை மூட்டு வைக்கிறார்கள். "டைட்டானியமா வச்சிடுங்க டொக்டர், ஆயுசுக்கும் போதும்" என்று கேட்கும் வீட்டார் நம்மிடையே உண்டு. அது சரிதானா என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இந்த உலோகத்தின் மூலப்பொருள் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பின் நம்ம மலையக உறவுகள் பலர் போய்க் குடியேறிய திருகோணமலை மாவட்டத்தில், துறைமுகத்துக்கு வடக்கே சுமார் 50 கிலோமீற்றரில் புல்மோட்டை உள்ளது. அந்தக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல் என்ற கனிமங்கள் உண்டு. டைட்டானியம் எடுப்பது இவற்றிலிருந்துதான்.

டைட்டானியம் பாரம் குறைந்தது, துருப்பிடிக்காது, எலும்போடு ஒத்துப்போகும். சிமெந்து இல்லாமல் வைக்கும் மூட்டில் எலும்பே அதைப் பற்றி வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் அது நல்ல உலோகம்.

சிமெந்து வைத்துப் பொருத்தும்போது கதை வேறு. இது வீடு கட்டும் சிமெந்து அல்ல, ஒருவகைப் பிளாஸ்ரிக். பசை மாதிரி ஒட்டாது. மம்பட்டிக் காம்புக்கு ஆப்பு வைப்பது போல இடைவெளியை நிரப்பி இறுக்கும். டைட்டானியமோ உருக்கை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வளையும். நடக்க நடக்க உள்ளே இருக்கும் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக அசையும். சிமெந்தில் உரசி உலோகத் தூள் உண்டாகும். அந்தத் தூளால் சுற்றியுள்ள எலும்பு கரையும், மூட்டுத் தளரும். காம்பு ஆட ஆரம்பித்தால் ஓட்டை பெரிதாவது நமக்குத் தெரிந்ததுதானே.

இங்கிலாந்தில் இது நடந்தது. 1991 இல் வந்த 'த்ரீ எம் கேப்பிட்டல்' என்ற மூட்டை 4,600 பேருக்கு மேல் வைத்தார்கள். அதில் டைட்டானியத் தண்டுள்ள வகைகளும் இருந்தன. சில வருடங்களிலேயே பலருக்குத் தளர்ந்தது. 1997 இல் விற்பனை நின்றது. 1998 இல் அரசாங்கம் எச்சரிக்கை விட்டு, வைத்தவர்களைத் தேடிப் பரிசோதித்தது. அதன்பின் 2003 முதல் ஒவ்வொரு செயற்கை மூட்டையும் அங்கே தேசியப் பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

அதே நாட்டில் ஜோன் சார்ன்லி என்ற வைத்தியர் 1962 முதல் உருக்குத் தண்டைச் சிமெந்தில் வைத்தார். அவற்றில் பல 20, 30 வருடம் உழைத்தன. டைட்டானியத்திலும் தடிப்பான, வழவழப்பான தண்டுகள் சிமெந்தில் நன்றாக நின்றதுண்டு. ஆகவே உலோகத்தின் பெயர் மட்டும் போதாது. தண்டின் வடிவம், மேற்பரப்பு, பொருத்தும் முறை எல்லாம் சேர்ந்துதான் பலன் தரும்.

"ஆயுசுக்கும் போதும்" என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. 2019 இல் வெளியான பெரிய ஆய்வின்படி, 100 மூட்டுகளில் சுமார் 58 தான் 25 வருடம் தாங்குகின்றன.

நாம் செய்ய வேண்டியவை:

1. சத்திரசிகிச்சைக்கு முன், "இந்த மூட்டு எத்தனை வருடமாகப் பாவனையில் இருக்கிறது? சிமெந்து வைப்பதா, இல்லாததா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

2. மூட்டின் பெயரும் இலக்கமும் உள்ள அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

3. வலி இல்லாவிட்டாலும் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். தளர்வு முதலில் எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஒருநாள் பேர் போனாலும் பரவாயில்லை, போய்வாருங்கள்.

4. நன்றாக நடந்தவருக்குத் தொடையிலோ கவட்டிலோ புதிதாக வலி வந்தால், கால் கட்டையானால், நொண்டினால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று தைலம் தடவிக்கொண்டு இருக்க வேண்டாம். காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காலம் தாழ்ந்தால் எலும்பு கரைந்து, மறு சத்திரசிகிச்சை கஷ்டமாகிவிடும். நேரத்தோடு போனால் வீட்டுப் பெரியவர் மீண்டும் தன் காலிலேயே நடப்பார்.