காவல் நாயின் முழங்காற் காயம்: சத்திரசிகிச்சையா, இயற்கைச் சிகிச்சையா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களிலும் நெல்வயல்களிலும் கட்டாக்காலி மாடு ஆடுகளை விரட்டுவதற்கு நாய் பெருந்துணையாகும். வேலி பாயும்போதும் ஓட்டத்தில் திடீரெனத் திரும்பும்போதும் அதன் பின்னங்கால் முழங்காலினுள் இருக்கும் இணைப்பு நார் அறுந்துவிடக்கூடும். அவ்வேளையிற் செய்யவேண்டியவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

1. அறிகுறிகள்

நாய் திடீரென நொண்டும்; விரல் நுனியை மாத்திரம் நிலத்தில் ஊன்றும்; உட்காரும்போது காலைப் பக்கவாட்டில் நீட்டும். சில வாரங்களில் தொடைத் தசை மெலியும். மிருக வைத்தியர் மூட்டை அசைத்துப் பார்த்தே நோயை நிச்சயிப்பார். எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டுமேயன்றி அறுந்த நாரைக் காட்டாது.

நோவுள்ள நாய் எசமானையும் கடிக்கும். ஆகவே வாயைத் துணியாற் கட்டிய பின்னரே காலைத் தொடுதல் வேண்டும். நடை தளர்வதோடு உமிழ்நீர் வடிதலும் குரல் மாறுதலும் காணப்பட்டால், விசர்நோயெனச் சந்தேகித்து, நாயைத் தொடாது வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

2. இயற்கைச் சிகிச்சை

அறுந்த நார் மீண்டும் ஒட்டுவதில்லை. ஓய்வு கொடுக்கும்போது மூட்டைச் சுற்றியுள்ள இழையம் தடித்து மூட்டைத் தாங்குகின்றது. இதுவே இயற்கைச் சிகிச்சையின் பயன். நொச்சியிலை ஒத்தடம் சிறிது சுகந்தரலாம், நாரை ஒட்டவைக்காது. மாடுகளுக்குச் செய்வதுபோலக் குறிசுடுதல் புண்ணையும் வேதனையையுமே உண்டாக்கும். மனிதருக்குரிய பரசிற்றமோல், இபுபுரூபன் முதலிய மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம், அவற்றைக் கொடுத்தலாகாது.

ஓய்வென்பது ஆறு தொடக்கம் எட்டு வாரங்கள் வரை கட்டிவைத்தலாகும். வழுக்கும் சீமெந்துத் தரையிற் சாக்கு விரித்தல் வேண்டும். மலசலத்திற்கு மாத்திரம் கயிற்றிற் பிடித்து மெல்ல நடத்துக. அறுவடைக் காலமாயினும் அவிழ்த்துவிடலாகாது. கொழுத்த நாயாயின் சோற்றைக் குறைத்து நிறையைக் குறைத்தல் மருந்துக்கு ஒப்பாகும்.

3. சத்திரசிகிச்சை

மூட்டுக்கு வெளியே உறுதியான நூலிட்டு இறுக்குவது ஒரு முறை. கீழ்க்கால் எலும்பை வெட்டிச் சரிவை மாற்றி உலோகத் தகடு பொருத்துவது மற்றொரு முறை. பெரிய நாய்களுக்குப் பின்னது பெரிதும் விரும்பப்படுகின்றது. மூட்டுக்கிடையே மெத்தைபோலுள்ள கசியிழையத் தட்டுக் கிழிந்திருப்பின் அதனையும் அப்போது நீக்கலாம். எனினும் சத்திரசிகிச்சையின் பின்னரும் ஏறத்தாழ எட்டு வாரங்கள் ஓய்வு வேண்டும். கட்டிவைக்க இயலாதவருக்கு இரண்டு வழியும் பயன்தரா.

4. தீர்மானிக்கும் வகை

1984ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையின்றிப் பராமரிக்கப்பட்ட நாய்களுள், 15 கிலோவுக்கு மேற்படாத 28இல் 24 தேறின. அதற்கு மேற்பட்ட 57இல் 11 மாத்திரமே தேறின. 2013ஆம் ஆண்டு வெளியான வேறோர் ஆய்வில், நிறை குறைப்பும் உடற்பயிற்சியும் பெற்ற பெரிய நாய்களுள், ஓராண்டு முடிவில், சத்திரசிகிச்சை பெற்றவற்றில் 75 வீதமும் பெறாதவற்றில் ஏறத்தாழ 64 வீதமும் நற்பயனடைந்தன. ஆகவே பெரிய நாய்க்கும் கவனமான பராமரிப்பு வீணன்று.

நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின்னர் தனியே ஏறி, வித்தியாசத்தைக் காண்க. 15 கிலோவுக்கு உட்பட்டதாயின் முதலில் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். எட்டு வாரத்தின் பின்னும் நொண்டினாலோ, மூட்டிற் "டக்" என்ற ஓசை கேட்டாலோ வைத்தியரை மீண்டும் காண்க. பெரிய நாயாயின், தசை மெலியுமுன் சத்திரசிகிச்சை பற்றி ஆலோசித்தல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படின், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தையும் மறுபரிசோதனைச் செலவையும் முன்னரே கணக்கிடுக. முதிர்ந்த நாய்க்கு அச்செலவு தகுமா என்பதையும் வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம்.

எவ்வழியைக் கைக்கொண்டாலும் பிற்காலத்தில் மூட்டுவாதம் ஓரளவு தோன்றும். பல நாய்களில் மற்றைய முழங்காலும் பின்னர் பழுதடைகின்றது. ஆதலால் நாயைக் கொழுக்கவிடாது வளர்த்தலும், நொண்டிய முதல் வாரத்திலேயே அண்மையிலுள்ள அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுதலும் கமக்காரரின் கடமையாகும்.