விலை கொடுத்தும் சொந்தமாகாத புத்தகம்

கேள்வி: என் மகனும் நண்பர்களும் வாராவாரம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை ஆடுகிறார்கள். விதிப் புத்தகங்களை அச்சில் வாங்குவதா, ‘டி அண்ட் டி பியாண்ட்’ இணையதளத்தில் மின்வடிவில் வாங்குவதா என்று வீட்டில் வாக்குவாதம். தளத்தில் வாங்கினாலும் அது நம்முடையதுதானே? பிறகு வேண்டாமென்றால் விற்க முடியாதா?
— ஒரு வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: இரண்டுக்குமே ‘இல்லை’ என்பதுதான் பதில். அந்தத் தளத்தில் பணம் இரண்டு வழியில் போகிறது: காலமுறையில் கட்டும் சந்தா, புத்தகத்துக்கு ஒரே தடவை கொடுக்கும் விலை. சந்தாவை நிறுத்தினாலும் விலை கொடுத்த புத்தகங்கள் உங்கள் கணக்கில் இருக்கும்; மேல்நிலைச் சந்தாவின் பேரில் அவற்றை ஆட்டக்குழுவோடு பகிரும் வசதிதான் நின்றுபோகும். ஆனால் விலை கொடுத்ததும்கூட உங்கள் சொத்தாவதில்லை. கிடைப்பது படிப்பதற்கான உரிமம். அதன் எல்லைகளை வகுப்பது நீங்கள் படிக்காமல் ‘சம்மதம்’ சொன்ன நிபந்தனைகள்.

அச்சுப் புத்தகத்தின் சங்கதி வேறு. பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம், தன் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று புத்தகத்துக்குள்ளேயே அச்சடித்தது. நியூயார்க்கின் மேசி கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. முதல் விற்பனையோடு அந்தப் பிரதியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை தீர்ந்துவிடுகிறது என்று 1908இல் உச்ச நீதிமன்றம் பதிப்பகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தக் கொள்கைதான் இன்றைய பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆவது பிரிவு. உங்கள் மகன் தன் அச்சுப் பிரதியை விற்கலாம், இரவல் தரலாம், யாரும் கேட்க முடியாது. அன்று பதிப்பகம் புத்தகத்தில் அச்சடித்துச் சாதிக்க முடியாததை இன்று இணையதளங்கள் உரிம ஒப்பந்தத்தால் சாதிக்கின்றன. ஐடியூன்ஸ் பாடல் கோப்பை மறுவிற்பனை செய்கையில் புதிய பிரதி உண்டாகிறது, எனவே 109 காக்காது என்று 2018இல் ரீடிஜி என்ற மறுவிற்பனைத் தளத்தின் வழக்கில் தீர்ப்பானது. அது நியூயார்க் வட்டாரத் தீர்ப்பு, கலிஃபோர்னியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் வட்டார நீதிமன்றம் 2010இலேயே, ஆட்டோடெஸ்க் மென்பொருளின் குறுந்தகட்டைக் கையில் வைத்திருந்தவரையே உரிமையாளர் அல்ல, உரிமம் பெற்றவர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. உங்கள் கையில் தகடுகூட இல்லை.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பிலிருக்கும் ஏபி 2426 சட்டம் உதவாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான். கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. உரிமத்தைச் சொத்தாக மாற்றித் தரவில்லை. அதிலுள்ள ஒரு விலக்கைத்தான் கவனிக்க வேண்டும்: நிரந்தரமாகத் தரவிறக்கி, விற்பவரால் திரும்பப் பறிக்க முடியாதபடி தரும் கோப்புகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. பிடிஎஃப்பாக விற்கும் விளையாட்டுப் புத்தகங்கள் இந்த வகை. நான் மின்வடிவில் வாங்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

‘தளத்தின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ போன்ற பெரிய நிறுவனம் ஓடியா போய்விடும்?’ என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். ஓடிப்போவது மட்டுமே ஆபத்து அல்ல. 2017இல் தொடங்கிய இந்தத் தளம் இரண்டு கை மாறி, 2022இல் சுமார் 14.6 கோடி டாலருக்கு ஹாஸ்ப்ரோவிடம் வந்தது. 2024 ஆகஸ்டில், ஆட்டத்தின் புதிய பதிப்பு வரும்போது ஆட்டக்காரர்களின் பாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதியவையாக மாற்றப்படும் என்று அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களில் பின்வாங்கியது. பின்வாங்க வைத்தது எதிர்ப்பு; நீதிமன்றம் அல்ல. அச்சுப் பக்கத்தில் அப்படிக் கைவைக்க முடியாது.

தளத்தின் வசதியை நான் மறுக்கவில்லை. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்கள் ஒரே புத்தகத்தைப் பார்க்கலாம், தேடலாம், பிழைதிருத்தம் தானாக வரும். அதற்குச் சந்தா கட்டுவது, வாடகை என்று தெரிந்து கட்டும்வரை, நியாயமான செலவுதான். மேலும், விதிமுறைகள் என்ற அளவில் ஆட்ட விதிகளுக்குப் பதிப்புரிமை கிடையாது (பிரிவு 102பி). அவற்றை எழுதியிருக்கும் நடைக்கும் ஓவியங்களுக்கும்தான் உண்டு. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பையே நிறுவனம் 2023 ஜனவரியில், திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.

ஆகவே ஆட்டக்காரர் கையேடு, ஆட்டத்தலைவர் கையேடு, அரக்கர் கையேடு மூன்றையும் அச்சில் வாங்குங்கள். பல ஊர்க்காரர்களோடு ஆடும் மாதங்களுக்கு மட்டும் சந்தா கட்டுங்கள். தளத்தில் உருவாக்கிய பாத்திரத் தாள்களை அவ்வப்போது பிடிஎஃப்பாக இறக்கி, கட்டண ரசீதுகளோடு பத்திரப்படுத்துங்கள்.