டிராக்டரின் கிளட்ச் இரைச்சலும் அதனைப் பரிசோதிக்கும் முறையும்

அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் மாதம் 12-ஆம் தேதியன்று திறப்பது வழக்கம். வாய்க்காலில் நீர் வந்தவுடன் சேற்றுழவு தொடங்கும். அச்சமயத்தில் டிராக்டர் நான்கு நாட்கள் பட்டறையில் நிற்குமாயின், நாற்று முதிர்ந்து நடவு பிந்தும், மகசூலும் குன்றும். ஆதலின் இயந்திரத்தில் உண்டாகும் பழுதுகளை அவற்றின் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளுதல் குடியானவர்களுக்கு அவசியமாகும். அத்தகைய பழுதுகளுள் ஒன்று கிளட்சிலிருந்து எழும் இரைச்சல். இரைச்சல் எவ்விடத்தில் பிறக்கின்றதென்று தெரியாமல் வண்டியைப் பிரிப்பது வீண் செலவு. தெரிந்தும் அசட்டையாயிருப்பது அதனினும் பெரிய நஷ்டம்.

கிளட்ச் வேலை செய்யும் விதம்

எஞ்சினின் பின்புறத்தில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழல்கின்றது. கிளட்ச் தட்டு அதன்மேல் ஸ்பிரிங்குகளின் பலத்தால் அழுத்தப்பட்டு, எஞ்சினின் சக்தியைக் கியர்பாக்ஸின் முன் தண்டுக்குக் கொடுக்கின்றது. ஓட்டுபவர் பெடலை மிதிக்கும்பொழுது, ஒரு கவை ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளும். அந்தப் பேரிங், சுழன்றுகொண்டிருக்கும் லீவர்களை அழுத்த, தட்டு விடுபட்டுச் சக்தி நின்றுவிடும்.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெடலில் தக்க இடைவெளி வைக்கப்பட்டிருக்கும் வண்டியில், கால் எடுத்திருக்கும் வரையில் ரிலீஸ் பேரிங் லீவர்களைத் தொடுவதில்லை, ஆதலால் சுழல்வதுமில்லை. பெடலை மிதித்த பின்னரே அது சுழலத் தொடங்கும். இரைச்சலைப் பற்றிய பரிசோதனை முழுவதும் இந்த ஒரு விஷயத்தையே அடிப்படையாகக் கொண்டது.

பரிசோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். பி.டி.ஓ.வை விடுவித்துக் கியரை நியூட்ரலில் வைக்கவேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் நிற்றலாகாது. பின்பு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கீழ்க்கண்டவாறு கவனிக்க வேண்டும்.

1. பெடலைத் தொடாமலிருக்கும்பொழுது உறுமல் கேட்டு, பெடலை முழுதும் மிதித்தவுடன் அது தணியுமாயின், கியர்பாக்ஸின் முன் தண்டிலுள்ள பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். ரிலீஸ் பேரிங்கை மாற்றுவதால் இது நீங்காது.

2. பெடலைச் சிறிது சிறிதாக அழுத்துக. இடைவெளி தீர்ந்து, பெடல் கனக்கத் தொடங்கும் அந்த இடத்திலேயே கிரீச்சென்ற ஒலியோ, அரைப்பது போன்ற உறுமலோ தோன்றி, அழுத்தம் மிக மிக ஒலியும் மிகுமாயின், பழுது ரிலீஸ் பேரிங்கில் உள்ளதெனக் கொள்ளலாம்.

3. தொடக்கத்தில் ஒலியின்றி, பெடலை முழுதும் மிதித்துக் கியரைப் போட்ட பின்பே ஒலி எழுமாயின், பிளைவீலின் நடுவிலுள்ள பைலட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். தண்டு நின்று பிளைவீல் மட்டும் சுழலும்பொழுதுதான் அதற்கு வேலை உண்டு. இப்பரிசோதனையில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பின்னரே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

4. பெடலை எவ்வாறு அழுத்தினும் ஒலி மாறாதிருப்பின், காரணம் பெரும்பாலும் கிளட்சில் இல்லை. தண்ணீர்ப் பம்பு, டைனமோ ஆகியவற்றின் பேரிங்குகளை முதலில் பார்க்க வேண்டும்.

5. பெடலைத் தொடாதபொழுது கடகடவென்ற சப்தம் கேட்டு, கால் பட்டவுடன் நின்றுவிடுமாயின், கவையின் தேய்மானமோ, பெடலைத் திருப்பியிழுக்கும் ஸ்பிரிங்கின் தளர்ச்சியோ காரணமாயிருக்கலாம். ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு வண்டியைப் பிரிக்க வேண்டுவதில்லை.

இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டர்களில் பெடலின் முதற்பாதி சக்கரங்களுக்குச் செல்லும் சக்தியையும், முழு அழுத்தம் பி.டி.ஓ.வுக்குச் செல்லும் சக்தியையும் நிறுத்துகின்றது. அவற்றிலும் ரிலீஸ் பேரிங்கின் ஒலி முதற்பாதியிலேயே தொடங்கிவிடும்.

அசட்டையால் விளையும் கேடு

முதலில் கிரீச்சென்ற ஒலி மட்டுமே இருக்கும். உள்ளிருக்கும் கிரீஸ் வற்றியபின் அது உறுமலாக மாறும். இறுதியில் பேரிங் இறுகிச் சுழலாது நின்றுவிடுமாயின், அதன் முகம் லீவர்களின் நுனிகளை அராவித் தின்றுவிடும். பின்னர்ப் பெடலை முழுதும் மிதித்தாலும் கிளட்ச் சரிவர விடுபடாது. கியர்கள் உராய்ந்து பல் சிதையும். இதனினும் கொடியது உயிரபாயம். கலப்பையை மாட்டுவதற்காக ஓர் ஆள் வண்டியின் பின்னே நிற்கையில், பெடலை மிதித்தும் வண்டி நகர்ந்துவிட நேரிடலாம். ஆகையால் கிளட்ச் சரிவர விடுபடாத வண்டியை ஒருபோதும் வேலைக்கு விடலாகாது.

பழுது வராமற் காக்கும் வழி

வண்டி ஓடும்பொழுது பெடலின்மேல் காலை வைத்துக்கொண்டிருக்கும் பழக்கமே ரிலீஸ் பேரிங்கின் முதற்பகை. கால் சிறிது பட்டாலும் பேரிங் நாள் முழுவதும் சுழன்று சூடேறும். வரப்போரத்தில் நின்று பேச நேர்ந்தால், பெடலை மிதித்தபடியிராமல் நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிட வேண்டும்.

கிளட்ச் தட்டு தேயத் தேய, பெடலின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதனைக் கையால் அழுத்திப் பார்த்து அறியலாம். அநேக டிராக்டர்களில் இது ஏறக்குறைய ஓர் அங்குலமாக இருக்கும். ஆயினும் அந்தந்த வண்டியின் கைப்புத்தகமே பிரமாணம். குறைந்திருப்பின் உடனே சரிசெய்தல் வேண்டும்.

சேற்றுழவின்போது கிளட்ச் கூட்டிற்குள் சேற்றுநீர் புகாதிருக்க, அதன் அடியிலுள்ள துவாரத்திற்கு மூடி கொடுக்கப்பட்டிருக்குமாயின் அதனைப் போட்டு, உழவு முடிந்தபின் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிடில் கசிந்த எண்ணெய் வெளியேற வழியின்றித் தட்டில் படியக்கூடும்.

அநேக டிராக்டர்களில் ரிலீஸ் பேரிங்கை மாற்றுவதற்கு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பதால், பேரிங்கின் விலையைவிடக் கூலியும் கழியும் நாட்களும் மிகுதி. ஆதலின் ஒருமுறை பிரிக்கும்பொழுதே பைலட் பேரிங், கிளட்ச் தட்டு, எண்ணெய் சீல், கவை ஆகியவற்றையும் பார்த்துத் தேய்ந்தவற்றை மாற்றுவதும், லீவர்களின் உயரத்தை ஒன்றுபோல் அமைப்பதும் சிக்கனமாகும். மூடி அடைத்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவலாகாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

கூட்டுறவுச் சங்கம் முதலியவற்றின் பொது டிராக்டர்களை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகள், ஓட்டுபவர் கேட்ட இரைச்சல் எப்பொழுது எழுந்தது, பெடல் எந்நிலையில் இருந்தது என்பவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்கச் செய்தல் நலம். அக்குறிப்பு பட்டறைக்காரருக்குப் பெரிதும் உதவும். கோடையில் வேலை ஓய்ந்திருக்கும் நாட்களில் இப்பரிசோதனையை ஒருமுறை நடத்துவதற்குக் கால்மணி நேரமே போதும். நீர் வந்தபின் பழுதுபார்க்க நேர்ந்தால் ஒரு பருவமே தவறிப்போகக்கூடும்.