பயிருக்கேற்ற உரம்

புறக்கடையில் காய்கறி பயிரிடும் அங்கத்தினர் பலர், எல்லாப் பயிருக்கும் ஒரே உரத்தை ஒரே அளவில் இடுகின்றனர். இதனால் பொருளும் விரயமாகிறது, பலனும் குன்றுகிறது. செடியின் எவ்வுறுப்பை நாம் உண்கிறோமோ, அதற்கேற்ப உரமிடுதலே முறையாகும்.

முதற்கண், சென்டு ஒன்றுக்கு நன்கு மக்கிய தொழு உரம் சுமார் 100 கிலோ இட்டு மண்ணைக் கொத்திவிடுக. இஃது எல்லாப் பயிருக்கும் பொதுவாம்.

கீரைக்கு வேண்டுவது தழைச்சத்து. தண்டை விட்டு அறுக்கும் கீரைக்கு, ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கை நீரில் கரைத்து ஊற்றலாம்.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்குத் தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், காய் குறையும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்தே ஆதலின், அதனை அள்ளி வீசுதல் தகாது.

முள்ளங்கிக்கும் காரட்டுக்கும் மக்காத எரு இட்டால் கிழங்கு பிளவுபட்டுக் கிளைக்கும். விறகுச் சாம்பல் இவற்றுக்குச் சாம்பல் சத்தை அளிக்கும். ஆனால் அதனை யூரியாவுடன் கலத்தல் ஆகாது. தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும்.

அவரை, கொத்தவரை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தை ஈட்டித் தருகின்றன. இவற்றுக்கு யூரியா வாங்குவது பெரும்பாலும் வீண் செலவே. காய்ப்பு ஓய்ந்ததும் செடியை அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, அவ்விடத்தில் கீரை விதைப்பது நலம்.

கடனுக்கு வாங்கும் உரமும் நம் பணமே. ஆகவே, சங்கத்தில் உரம் கேட்குமுன், அஃது எப்பயிருக்கு என்பதைத் தீர்மானித்துக்கொள்வீர்களாக.