தொழிற்கூடமும் துறைச்சொல்லும்: திருப்பெரும்புதூர்–ஒரகடம் வழித்தடத்தை முன்வைத்து

ஆங்கிலவழிக் கல்வியால் தமிழ் அழிகிறது என்னும் கூற்று மேடைகளில் பன்முறை ஒலித்துப் பழகியது. திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தை நோக்குமிடத்து, அழிவது எது என்பதையே முதலில் வரையறுக்க வேண்டியுள்ளது. அங்குத் தமிழ் பேச்சுமொழியாக வற்றிவிடவில்லை. வற்றுவது துறைச்சொல் வளமாகும்.

காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிப்பாசன நிலம். மழைநீரைத் தேக்கியே வேளாண்மை நடந்த இப்பகுதியில் மதகு, கலங்கல், மடை, வரத்துக்கால், ஆயக்கட்டு, நீர்க்கட்டி என ஒரு சொற்றொகுதி நிலைபெற்றிருந்தது. கலங்கல் என்பது ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழிந்தோடும் வாய். அச்சொல்லை அறிந்தவர் ஏரியின் கொள்ளளவையும் கரையின் தாங்குதிறனையும் சேர்த்தே அறிந்திருந்தார். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் (கி.பி. 10ஆம் நூற்றாண்டு) கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுவதால், நீர் மேலாண்மை இங்கு எத்துணைத் தொன்மையான நிறுவனச் செயல்பாடு என்பது விளங்கும். இச்சொற்கள் பாடநூல் வழி வந்தவை அல்ல. உழைப்பின் வழி கைமாறியவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயும், திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியாவும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசானும் உற்பத்தி தொடங்கின. விளைநிலம் தொழில்மனையாக மாறிய இடங்களில் இச்சொற்கள் தம் வேலையை இழந்தன. இவ்விழப்பைப் பயிற்றுமொழியின் மேல் ஏற்றுவது பொருந்தாது.

பயிற்றுமொழியின் பங்கு வேறிடத்தில் உள்ளது. பழைய தொழில் நீங்கிய இடத்தில் வந்த புதிய தொழில் தமிழில் பெயர் பெறவில்லை. ஷிப்ட், லைன், டார்கெட் என்பனவே தொழிலாளர் வழக்கு. ஆங்கிலம் மட்டுமே இவ்வாறு வந்தது என்றும் கூறவியலாது. படிப்படியான மேம்பாட்டைக் குறிக்கும் ‘கைசன்’ ஜப்பானியச் சொல். தன் தொழிற்கூடத்தைத் தன் மொழியில் நடத்திய சமூகம் தன் கலைச்சொல்லையும் ஏற்றுமதி செய்தது.

தமிழக அரசின் சட்டங்கள் இக்களத்தைத் தொடவில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பாடமாகக் காக்கிறது. தமிழ்வழிப் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. தனியார் ஆலைப் பணிக்கு அது பொருந்தாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் ஆகியவற்றில் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தன. இந்நிலையில் ஆலை வேலையைக் கண்முன் காணும் பெற்றோர் ஆங்கிலவழியைத் தேர்வதைத் தமிழ்ப்பற்றின்மை எனல் ஆய்வாகாது, வசையே ஆகும்.

தமிழால் இயலாது என்பதற்கும் சான்றில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் பயிற்றுவித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். வட்டாரத்தினுள்ளேயே மற்றொரு சான்று உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் ‘வாரியம்’ இன்று மின்வாரியம், குடிநீர் வாரியம் என ஆட்சிமொழியில் வழங்குகிறது. தமிழ் ஆட்சிமொழியானதால் அதற்குப் புதுவேலை கிடைத்தது. கலங்கலுக்கு அது வாய்க்கவில்லை. ஆலை நீர்த்தொட்டியிலும் மிகைநீர் வெளியேற ஒரு வாய் உண்டு. அதன் பெயர் அங்கு ‘ஓவர்ஃப்ளோ’.